வள்ளத்துக்கும் ஒரு பங்கு மாத்திரை

தெற்கே கடற்கரையோரமாக நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் கால் வலிக்கும். அங்கே உட்கார்ந்துவிடாமல் இன்னும் கொஞ்சம் நடந்தால் வருகிற ஊர் கூனிப்பட்டணம். அந்த ஊர்க் கதையைச் சொன்னால் பொய் என்பார்கள். சொல்லாமல் இருந்தாலோ சோறு செரிக்காது. சோறு முக்கியம் என்பதால் சொல்லிவிடலாம்.

கடலில் எஞ்சின் சத்தம் கேட்காத காலம். பாயை விரித்துப் போய், பாயைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். அந்த ஊரில் தொம்மாந்திரை என்பவருக்கு ஒரு வள்ளம் இருந்தது. பெயர் விடிவெள்ளி. சுக்கான் பிடிப்பது தொம்மாந்திரை. கூடத் தொழிலுக்குப் போவது மூன்று பேர்.

முதலாவது இன்னாசி. அவனுக்கு யோசிக்கத் தெரியும் என்று மற்றவர்கள் நம்பினார்கள். பேசுவதற்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்வான் என்பதைத் தவிர இதற்கு வேறு ஆதாரம் கிடையாது. இரண்டாவது சிலுவை. எதையும் இரண்டு தடவை கேட்பான், இரண்டு தடவையும் புரியாது. மூன்றாவது மோயீசன், தொம்மாந்திரைக்கு அக்காள் மகன், பலசாலி. எதையாவது தூக்கச் சொன்னால் தூக்குவான். இறக்கச் சொல்லாதவரை இறக்க மாட்டான். ஒருமுறை அவன் கையில் நங்கூரத்தைக் கொடுத்துவிட்டு எல்லாரும் மறந்துபோக, அதோடேயே போய்ப் பூசை கண்டு வந்தான்.

கடற்கரையில் பங்கு என்று ஒரு முறை உண்டு. பாட்டை, அதாவது அன்றைக்குக் கிடைத்த மீனை, சமமாகப் பிரித்து, போன ஆளுக்கு ஆளுக்கொரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று வைப்பார்கள். வள்ளமும் தேய்கிறது, வலையும் கிழிகிறது, அதுகளுக்கும் வேண்டுமல்லவா. எல்லா ஊரிலும் மீனைத்தான் இப்படிப் பிரிப்பார்கள். விடிவெள்ளிக்காரர்கள் மட்டும், மீனை மட்டும்தான் பிரிக்க வேண்டும் என்று எங்கே சொல்லியிருக்கிறது என்று கேட்டார்கள். எங்கேயும் சொல்லவில்லை. ஆகவே எல்லாவற்றையும் பிரித்தார்கள். இன்னாசி வீட்டிலிருந்து பணியாரம் வந்தால் வள்ளத்தின் பங்கை அதன் மூக்கில், அதாவது அணியத்தில் வைப்பார்கள். காக்கா கொத்திக்கொண்டு போனதும், வள்ளம் சாப்பிட்டாயிற்று என்று கையைக் கழுவுவார்கள். சிலுவையின் மாமனார் செத்தபோது அழுகையையும் ஆறாகப் பங்கு வைத்தார்கள். வள்ளத்தின் பங்கைத் தொம்மாந்திரை சேர்த்து அழுதார், வலையின் பங்கை மோயீசன் அழுதான். செத்தவரின் சொந்த மகன்கூட அவ்வளவு அழவில்லை என்று ஊரில் பேச்சு.

இப்படி நியாயமாகப் போய்க்கொண்டிருந்த நாளில், ஒரு மத்தியானம் சுக்கான் பிடித்திருந்த தொம்மாந்திரைக்குத் தலை சுற்றியது. கடல் மேலே போயிற்று, வானம் கீழே வந்தது. சமாளித்துக் கரையைப் பிடித்துவிட்டார். பிடித்தது பக்கத்து ஊர்க் கரை. தன் வீடு என்று நினைத்து நேரே கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, கஞ்சி எங்கே என்று கேட்டு, சுவருக்கு யார் நீலம் அடித்தது என்று அங்கிருந்த பெண்பிள்ளையை ஒரு பிடி பிடித்தார். அந்த அம்மாள் அகப்பையால் பதில் சொன்னாள். வாங்கிக்கொண்டு வெளியே வந்தால், மற்ற மூன்று பேரும் வாசலில் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் பங்குக்காக.

தொம்மாந்திரையின் பெண்சாதி கத்ரீனா விஷயத்தைக் கேட்டதும் அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்தது மங்கையர்க்கரசி என்ற டாக்டரம்மா. நல்ல படிப்பு, நல்ல பொறுமை. இந்த ஊருக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது என்பதால் பொறுமை அப்படியே இருந்தது. கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்து, பிரஷர் ஏகமாக இருக்கிறது என்றார்.

"இது வந்துட்டுப் போற காய்ச்சல் இல்லை. கூடவே இருக்கும். தினமும் காலையில ஒரு மாத்திரை. இப்ப நல்லாத்தானே இருக்குன்னு விட்டுடக் கூடாது. திடீர்னு நிறுத்தவே கூடாது. பிரஷர் இறங்கி நான் சொல்ற வரைக்கும் சுக்கான் பக்கம் போகக் கூடாது."

நோயைப் பற்றிச் சொன்னதெல்லாம் தொம்மாந்திரையின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் இறங்கிவிட்டது. கடைசியாகச் சொன்னது மட்டும் நெஞ்சில் குத்திக்கொண்டு நின்றது. மாதா திருநாள் வந்துகொண்டிருந்தது. மாதாவின் சிலையை, அதாவது சுரூபத்தை, வள்ளத்தில் ஏற்றிக் கடலில் பவனி கொண்டுபோவது தொம்மாந்திரையின் பாட்டன் காலத்திலிருந்து விடிவெள்ளியின் உரிமை. ஆனால் வள்ளத்துக்காரர் தன் கையால் சுக்கான் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியாவிட்டால் உரிமை அடுத்த வள்ளத்துக்குப் போய்விடும். அடுத்த வள்ளம் யாருடையது என்றால் கயத்தானுடையது. கயத்தான் யார் என்றால் கத்ரீனாவின் உடன்பிறந்த தம்பி. தங்கப்பல் கட்டியவன். தலைசுற்றல் சேதி கேட்ட அன்றைக்கே அவன் தன் வள்ளத்துக்குப் புதுச்சாயம் அடிக்க ஆரம்பித்துவிட்டான். மாதாவுக்குப் பின்னால் அந்தப் பல் வெயிலில் மின்னுவதைத் தொம்மாந்திரை மனசிலேயே பார்த்தார். உடனே பிரஷர் இன்னும் கொஞ்சம் ஏறியது.

மறுநாள் காலையில் கடற்கரையில் வைத்து மாத்திரையை வாயில் போடப் போனார். அதென்ன என்று சிலுவை கேட்டான். சொன்னார். அதென்ன என்று மறுபடியும் கேட்டான். இன்னாசி கண்ணை மூடிக்கொண்டான்.

"அண்ணே, உமக்குத் தலைசுத்தல் எங்க வச்சு வந்துச்சு?"

"கடல்ல."

"கடல்ல நீந்திக்கிட்டா இருந்தீரு?"

"வள்ளத்துலதான் இருந்தேன்."

"அப்ப வள்ளத்துல வந்த நோவு. அந்த நோவுக்கு வந்த மாத்திரை யாருக்கு வந்த மாத்திரை? நான் சொல்லலை. நீரே சொல்லும்."

தொம்மாந்திரைக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. இத்தனை காலம் சோறு போட்ட வள்ளத்தை ஏமாற்றிவிட்டு ஒற்றை ஆளாக விழுங்கப் பார்த்தோமே என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே வலைக்கல்லை எடுத்து மாத்திரையைப் பொடித்து, பூவரச இலையில் ஆறு கூறு வைத்தார். ஆளுக்கொரு கூறு நக்கினார்கள். வள்ளத்தின் கூறை அணியத்தில் தேய்த்தார்கள். வலையின் கூறுக்குத்தான் சிக்கல் வந்தது. வலைக்கு வாயில்லையே, எப்படிச் சாப்பிடும் என்றான் சிலுவை. வாய்தானே இல்லை, கண்ணு எத்தனை இருக்குது பார் என்றான் இன்னாசி. கண்ணுக்குச் சொட்டுமருந்து விடுகிற மாதிரி வலையின் கண்களில் பொடியைத் தூவினார்கள். நடுவே ஒரு காற்று வந்து மோயீசனின் கூறை அள்ளிக்கொண்டு போயிற்று. அவன் நாக்கை நீட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே கரையோரமாக ஓடினான். தன் பங்கை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவன்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மாவிடம் போனார் தொம்மாந்திரை. பிரஷர் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டீர்களா என்று டாக்டர் கேட்டார். ஒரு நாள்கூடத் தவறவில்லை என்றார் தொம்மாந்திரை. சத்தியமான வார்த்தை. பாதியைத் துப்பிவிடுவது, மிச்சம் வைப்பது, அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார். இலையைக்கூட நக்கிவிடுகிறோம் அம்மா என்றார். அதுவும் சத்தியம். நோயாளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று டாக்டருக்கு மனசு குளிர்ந்தது. சிலருக்கு ஒரு மாத்திரை போதாது, இனிமேல் இரண்டாகப் போடுங்கள் என்று கூட்டிக்கொடுத்தார்.

கரையில் ஒரே சந்தோஷம். பாடு கூடிவிட்டது என்று இன்னாசி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டான். இரண்டு மாத்திரையையும் பொடித்து ஆறு கூறு வைத்தார்கள்.

அடுத்த தடவையும் பிரஷர் இறங்கவில்லை. டாக்டரம்மா நெற்றியைத் தடவிக்கொண்டு, அந்த இரண்டோடு மூன்றாவதாக வேறொரு மாத்திரையும் சேர்த்தார். உடம்பில் தேங்குகிற உப்புத்தண்ணீரை வெளியே தள்ளும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பயப்பட வேண்டாம் என்றார். கூடவே, உப்பைக் குறையுங்கள், தினமும் காலையில் நன்றாக நடங்கள் என்றும் சொன்னார். தொம்மாந்திரை அத்தனையையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே கரைக்கு வந்து, ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

தண்ணீர் மாத்திரையை நக்கிவிட்டு எல்லாரும் வள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மணலில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் அடிப்பலகையில், முந்தின நாள் உள்ளே புகுந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. சிலுவை தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"அண்ணே, நமக்கு இன்னும் வரல. அதுக்கு வந்துட்டு."

"மரம் பழைய மரம்வே," என்றார் தொம்மாந்திரை பெருமையோடு. "மருந்து உடனே பிடிக்கும்."

உப்பு விஷயம்தான் பெரிய விவாதமாகிவிட்டது. ஆளுக்கு உப்பைக் குறைப்பது எளிது, குழம்பில் போடாமல் விட்டால் சரி. பத்தியம் எல்லாருக்கும் பத்தியம்தானே, வலை மட்டும் காலை முழுக்கக் கடலுக்குள் கிடந்து உப்பைக் குடித்துக்கொண்டிருந்தால் மருந்து எப்படி வேலை செய்யும் என்று இன்னாசி கேட்டான்.  அன்றிலிருந்து வலையைக் கடலில் இறக்குவதில்லை. வள்ளத்தை உப்புத்தண்ணீருக்குக் கொண்டுபோவதும் இல்லை. ஊருணித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து வந்து இரண்டையும் குளிப்பாட்டினார்கள்.

அப்புறம் நடை. காலையில் ஊரே கடலுக்குக் கிளம்புகிற நேரத்தில், விடிவெள்ளிக்காரர்கள் வள்ளத்துக்குக் கீழே உருட்டுக்கட்டை வைத்து, கயிற்றைத் தோளில் போட்டு, கரையோரமாக வடக்கே இழுத்துக்கொண்டு போய், மூச்சுவாங்க நின்று, மறுபடி தெற்கே இழுத்து வந்தார்கள். வலை மோயீசன் தோளில் நடந்தது. கயத்தான் தன் புதுச்சாய வள்ளத்தில் சாய்ந்து நின்று இந்த ஊர்வலத்தைப் பார்த்தான்.

"என்ன அத்தான், வள்ளத்தைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டீரு? மாப்பிள்ளை பாக்கவா?"

"டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காங்க," என்றார் தொம்மாந்திரை, இழுப்பதை நிறுத்தாமலே.

"உம்மையா, வள்ளத்தையா?"

இதென்ன கேள்வி என்று தொம்மாந்திரைக்குத் தோன்றியது. கயத்தானுக்குச் சின்ன வயசிலிருந்தே புத்தி கொஞ்சம் மட்டுதான் என்று நினைத்துக்கொண்டு, பாவம், சிரித்துவைத்தார்.

மீன்காரன் வீட்டில் மீன்வாடை இல்லாமல் போனால் பெண்சாதிக்குச் சந்தேகம் வராதா. கத்ரீனா ஒரு நாள் காலையில் பின்னாலேயே வந்து, கருவாட்டுப் பந்தலுக்கு அந்தப் பக்கமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பொடிப்பதைப் பார்த்தாள், கூறு வைப்பதைப் பார்த்தாள், வள்ளத்தின் மூக்கில் தேய்ப்பதைப் பார்த்தாள். வலைக்கு ஊட்டத் தொடங்கியபோதுதான் அவளால் தாங்க முடியவில்லை. நாலு பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போய், டாக்டரம்மா முன்னால் நிறுத்தி, நடந்ததைச் சொல்லச் சொன்னாள்.

சொன்னார்கள். சந்தோஷமாகவே சொன்னார்கள். டாக்டரம்மா நாற்காலியில் மெதுவாகப் பின்னுக்குச் சாய்ந்தார்.

"இன்னைக்கு இன்னொரு மாத்திரை சேர்க்கலாம்னு இருந்தேன். இவ்வளவையும் இவர் ஒரு நாள் ஒத்தை ஆளா விழுங்கியிருந்தா, பிரஷர் தடால்னு இறங்கி, எந்திரிக்க முடியாமக் கிடந்திருப்பாரு." மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்து, தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "தவறாம சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். யார் யார் சாப்பிட்டீங்கன்னு கேக்கலையே," என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக விளக்கினார். பழையபடி ஒரே ஒரு மாத்திரையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முழுசாக, தொம்மாந்திரை மட்டும், கத்ரீனா கண்முன்னால் விழுங்க வேண்டும். என்ன ஆகிறது என்று பார்த்துத்தான் கூட்டுவதோ குறைப்பதோ. இதைக் கேட்டு இன்னாசியின் முகம் சுண்டிவிட்டது. தலைமுறை தலைமுறையாக இருக்கிற பங்கை ஒரு வார்த்தையில் அழிக்கலாமா என்று முறையிட்டான்.  டாக்டரம்மா படித்த புத்தகங்களில் வலைக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்று தனியாக எழுதியிருக்கவில்லை.

கத்ரீனாதான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"மருந்துல பங்கு வாங்குனீங்களே, நோவுல யாருவே பங்கு வாங்குனது?"

இன்னாசி கண்ணை மூடினான். வெகுநேரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டானோ என்று சிலுவை கிள்ளிப் பார்த்தான். கடைசியில் திறந்தபோது கண் கலங்கியிருந்தது. மாட்டாத மீனுக்குப் பங்கு கேட்டவர்களாகிவிட்டோமே என்றான். அந்த இடத்திலேயே மூன்று பேரும் தங்கள் பங்கு நோவை உடனே கொடுத்துவிடும்படி கையை நீட்டினார்கள். டாக்டரம்மா ஒவ்வொரு கையாகப் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். வள்ளம் இழுத்து இழுத்து மூன்று பேரும் காளை மாதிரி இருந்தார்கள். யாருக்கும் நோவு வந்து சேரவில்லை, ஆகவே மருந்தும் கிடையாது என்று தீர்ப்பாயிற்று. தனக்குக் கொஞ்சம்கூடவா இல்லை என்று சிலுவை இரண்டு தடவை கேட்டான்.

"நிறுத்தக் கூடாதுன்னு சொன்னீங்களே அம்மா," என்றான் இன்னாசி விடாமல். "திடீர்னு நிறுத்தவே கூடாதுன்னு."

அவர்கள் சாப்பிட்டது ஒரு தும்மலில் போகிற அளவு, நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர்.

"நாங்க தும்முவோம். வள்ளம் தும்மாதே."

டாக்டரம்மா எழுந்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு, அந்த வெயிலில் கடற்கரைக்கு நடந்தார். வள்ளத்துக்குக் கை எது என்று கேட்டார். துடுப்பைக் காட்டினார்கள். துடுப்பில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, காதில் குழாயை வைத்து, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நிதானமாகக் கேட்டார். முள் ஆடவே இல்லை.

"நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு. ஆனா நிறுத்த வேண்டாம். இதுக்கு வேற மாத்திரை தர்றேன்," என்று சொல்லி, பைக்குள்ளிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். காலையில் ஒரு தடவை அணியத்தில் தேய்த்தால் போதும். வலைக்கு முழுசாகக் குணமாகிவிட்டது, அது கடலுக்குப் போகலாம், உப்பும் சேர்த்துக்கொள்ளலாம். வள்ளத்துக்கும் இனி உப்புத்தண்ணீர் ஆகும். நடை மட்டும் தொம்மாந்திரைக்கு, வெறுங்கையோடு. இவ்வளவையும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தவருடைய முகத்தைக் கயத்தான் மட்டும் பார்த்தான். அந்த அம்மாளுக்கும் ஏதோ ஆகிவிட்டது என்று ஊரில் சொன்னான்.

அதற்குப் பிறகு கத்ரீனா ராஜ்யம். காலையில் கஞ்சிக்கு முன்னால் மாத்திரையும் செம்புத் தண்ணீரும் வரும். விழுங்கிய பிறகு வாயைத் திற என்பாள், நாக்கைத் தூக்கு என்பாள், அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாள். ஒரு நாள், இப்பத்தான் தலையே சுத்தலையே, இனிமே எதுக்கு என்று தொம்மாந்திரை இழுத்தார். சரி, தம்பிகிட்டச் சொல்லிவிடுறேன், சுரூபத்தை அவனே கொண்டுபோகட்டும் என்றாள். மாத்திரை தண்ணீரில்லாமலே உள்ளே போய்விட்டது. குழம்பில் உப்பு குறைந்தது. நடந்தார். ஆரம்பத்தில் தோளில் கயிறு இல்லாமல் நடக்க என்னவோ மாதிரி இருந்தது, பிறகு பழகிவிட்டது. பிரஷர் ஒவ்வொரு தடவையாக இறங்கியது. இன்னும் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று ஒரு அரை மாத்திரையைக் கூட்டினார் டாக்டர். அதோடு சரியாக வந்து நின்றது.

திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் டாக்டரம்மா கரைக்கே வந்து பார்த்தார். பட்டையைக் கழற்றிவிட்டு, பக்கத்திலிருந்த வள்ளத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "நாளைக்கு நீங்க சுக்கான் பிடிக்கலாம்," என்றார்.

 டாக்டரம்மாவும் பவனியில் வள்ளத்தில் கூட வர வேண்டும் என்று கத்ரீனா கேட்டுக்கொண்டாள். அவரும் சரி என்று போனார். அவர் தலை மறைந்ததும் இன்னாசி தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணே, சுக்கான் பிடிக்கலாம்னு அந்த அம்மா சொல்லும்போது கையை எங்க வச்சிருந்தாங்க?"

தொம்மாந்திரைக்குச் சுருக்கென்றது. அவரும் பார்த்திருந்தார். வள்ளத்தில்தான் வைத்திருந்தார்கள்.

"அப்ப உத்தரவு உமக்கு வந்ததா, வள்ளத்துக்கு வந்ததா?"

அன்றைக்கு அவர் சோறு இறங்காமல் யோசித்தார். எத்தனை நாள் உப்பில்லாக் குழம்பு, எத்தனை தடவை நாக்கைத் தூக்கிக் காட்டியது, எல்லாம் இந்தச் சுக்கானுக்காக. ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே. நோவில்தான் அவர்களுக்குப் பங்கு வரவில்லை. உத்தரவில் வந்துவிட்டது, கண்ணால் பார்த்தாயிற்று. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். கயத்தான் வள்ளத்தைத் தாண்டும்போது வருகிற பங்கு தனக்கு வேண்டும் என்றார். மூன்று பேரும் கலந்து பேசிவிட்டுச் சம்மதித்தார்கள். பவனிப் பாதையை ஆறு கூறு போட்டார்கள்.

திருநாள் அன்று வெயில் தாழ்ந்து, கடல்காற்று கரையைப் பார்த்து வீசத் தொடங்கிய நேரத்தில், கொட்டும் வேட்டுமாகச் சுரூபத்தை ஏற்றினார்கள். நடுவில் மாதா, முன்னால் சாமியார், பின்னால் சுக்கானில் தொம்மாந்திரை, அவர் பக்கத்தில் டாக்டரம்மா. புதுச்சாய வள்ளத்தை ஒட்டிப் போகும்போது தொம்மாந்திரை முதுகை நிமிர்த்தி, நேரே பார்த்து, மயிர் பிசகாமல் ஓட்டினார். கயத்தான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் பல் தெரியவில்லை. தன் பங்கு முடிந்ததும் தொம்மாந்திரை, கண்ணில் தண்ணீர் நிறைய, சுக்கானை இன்னாசி கையில் கொடுத்தார்.

இன்னாசி பொறுப்பான ஆள். எந்தப் பக்கம் போவது என்று யோசித்தான். யோசிப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டான். சாமியார் செபமாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிறகு சிலுவை முறை. எதைப் பார்த்துப் பிடிக்க என்று கேட்டான். பின்னால் வருகிற கயத்தானை ஒரு கண் பார்த்துக்கிட்டே போ என்றார் தொம்மாந்திரை. அவன் வள்ளத்தைத் திருப்பி நேரே கயத்தானைப் பார்த்தே போனான். கயத்தானின் ஆட்கள் துடுப்பை விட்டுவிட்டு அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார்கள். நூலிழையில் தப்பி மோயீசன் கைக்கு வந்தது. அவன் ஒரே பிடியாகப் பிடித்தான். அவன் பிடித்தபோது வள்ளம் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசையில், அதாவது நடுக்கடலுக்கு, மற்றவர்கள் துடுப்புப் போட, அம்பு மாதிரி போயிற்று. கரைக்கோயில் கோபுரம் சிறுத்து வந்தபோதுதான், விடச் சொல்லாதவரை அவன் விட மாட்டான் என்று தொம்மாந்திரைக்கு ஞாபகம் வந்தது.

அடுத்தது வலையின் பங்கு. வலையைச் சுக்கானில் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமும் கட்டிவிட்டார்கள். விடிவெள்ளி இருந்த இடத்திலேயே வட்டம் போட்டது. டாக்டரம்மா தன் கையைத் தானே பிடித்து நாடி பார்த்துக்கொண்டார். கரையிலிருந்த சனம், மாதா ஊரைச் சுற்றி ஆசீர்வதிக்கிறாள் என்று மண்டியிட்டது.

கடைசியாக வள்ளத்தின் பங்கு. தொம்மாந்திரை வலையை அவிழ்த்து, பாயை விரித்தார். நாலு பேரும் சுக்கானைவிட்டு விலகி, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். பாய் கடல்காற்றில் புடைத்தது. விடிவெள்ளி ஒரு குலுக்குக் குலுக்கி, தலையைத் திருப்பி, யார் தயவும் இல்லாமல் கூனிப்பட்டணத்தைப் பார்த்து நேராகப் போயிற்று. அலையில் ஒரு துளி தெறிக்கவில்லை. சுரூபத்தின் மேல் ஒரு மாலை அசையவில்லை. கோயிலுக்கு நேர் எதிரே, மெத்தையில் தலை வைப்பது மாதிரி மணலில் ஏறி நின்றது.

வேட்டுச் சத்தம் அடங்கிய பிறகு, தொம்மாந்திரை சாக்பீஸ் படிந்த அணியத்தைத் தடவிக்கொடுத்தபடி டாக்டரம்மாவைப் பார்த்தார்.

"பாத்தீங்களா அம்மா. எங்க எல்லாரையும்விட மருந்தை ஒழுங்கா சாப்பிட்டது இது ஒண்ணுதான். இப்ப நல்லா இருக்கே, மாத்திரையைக் கொஞ்சம் குறைச்சிரலாமா?"

டாக்டரம்மா வள்ளத்தை மேலும் கீழும் பார்த்தார். பெட்டியைத் திறந்து, பட்டையை எடுத்து, துடுப்பில் சுற்றிக் காற்றடித்து, காதில் குழாயை வைத்துக் கவனமாகக் கேட்டார்.

"வேண்டாம்," என்றார். "இதே அளவு தொடரட்டும்."